மரத்தில் நூல் நூற்ற செட்டியார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். புலவர்களையும் தேசத் தலைவர்களையும் பற்றி எழுத நம்மினும் கற்றோர் பலர் காலனியில் உள்ளனர். ஆதலின் நாம் ஒரு வணிகரை எடுத்துக்கொண்டோம். வணிகரின் வரலாற்றில் வரவும் செலவும் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். விஜயபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ரேயான் துணி இல்லாத வீடு ஒன்றேனும் உண்டா என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பெண்மக்கள் இன்று விரும்பி உடுத்தும் ரேயான் குர்த்தா மரத்திலிருந்து வந்தது என்பதை நம் வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை. இந்தியாவில் அத்தொழிலுக்கு முதல் ஆலை கண்டவர் ஒரு தமிழர்.

சென்னைக்குச் சென்று, அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பாராமல் திரும்பியவர் நம்முள் அரியர். பதினான்கு மாடி, 177 அடி உயரம். 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது இந்நாட்டில் அதனினும் உயர்ந்த கட்டடம் இல்லை. கிராமத்திலிருந்து பட்டணம் வரும் கதாநாயகனைக் காட்டிய பழைய திரைப்படங்கள் அதனையும் காட்டாமல் விடுவதில்லை. அதனைக் கட்டத் தொடங்கியது அரசாங்கம் அன்று. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் என்பவர் தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக 1953-இல் தொடங்கியது அது. அது முடிந்ததைக் காண அவர் இருக்கவில்லை. பெயரைக் கேட்டவுடன் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை நினைப்போர்க்கு ஒரு சொல்: அம்மைதானம் தாங்கியிருப்பது எம்.ஏ. சிதம்பரம் அவர்களின் பெயர். அவர் வேறு, இவர் வேறு.

நம் செட்டியார் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த குடும்பம். தந்தையார் சர் பட்டம் பெற்ற முத்தையா செட்டியார். நகரத்தார் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளை அவர்கள் விலாசம் என்பர். தந்தை, பாட்டன் பெயர்களைச் சுமந்து வரும் அந்த எழுத்துகளே அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் நாணயத்துக்கு முத்திரை. இரங்கூனிலோ பினாங்கிலோ விலாசத்தைச் சொன்னால் போதும். உண்டியல் சீட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பர். கிட்டங்கி என வழங்கிய நீண்ட கூடங்களில் ஆளுக்கொரு கைப்பெட்டியும் பாயும் இட்டு அமர்ந்து அவர்கள் நடத்திய வியாபாரம், பர்மாவின் நெல் வயல்களிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பரந்து கிடந்தது.

1929-இல் தந்தையார் மறைந்தார். இருபத்தொரு வயதுக்குள் பெருஞ்செல்வமும் பெரும்பொறுப்பும் ஒருசேர வந்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே உலகெங்கும் பொருளாதார மந்தம் தொடங்கியது. பர்மாவில் நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய குடியானவர்கள் கொடுக்க இயலாமல் நிலத்தை விட்டனர். பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கைவசம் இருந்தது. 1937-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. வெளியே பார்ப்போர்க்கு இது செல்வம். உள்ளே இருந்தோர்க்கு இது விற்க முடியாத சேறு. பணமாகக் கொடுத்தது மண்ணாகத் திரும்பி வந்தது. அந்த மண்ணுக்குரிய மக்களின் வெறுப்பும் உடன் வந்தது. அந்த வெறுப்பு முற்றும் நியாயமற்றது என்று நாம் சொல்லத் துணியோம்.

இளைஞராகிய சிதம்பரம் செட்டியார் பழைய வழியை விட்டு வேறு வழி தேடினார். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்னும் புதிய வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவு திறந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. ஏழே வாரங்களில், அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், பர்மா இந்தியாவினின்று தனியாட்சியாகப் பிரிந்தது. அதுவரை ஒரே அரசின் கீழ் இருந்த இரங்கூன் அன்று முதல் அயல்நாட்டு நகரம். கடல் கடந்த பணப் போக்குவரத்துக்கென்றே ஒரு வங்கி எத்துணைத் தேவை என்பதை அந்நாளில் உணர்ந்தவர் சிலரே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அதன் கிளைகள் பின்னர்த் தோன்றின. ஊரை விட்டுப் பிழைக்க வந்தவன் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பும்போது அவன் மனம் படும் பாடு நம் காலனியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் தலைமுறையில் கைப்பேசியில் ஒரு விரல் பட்டால் பணம் போய்விடுகிறது. அந்நாளில் கப்பல் போய்ச் சேர வேண்டும். நம்பத் தகுந்த ஒரு கை அங்கே இருக்க வேண்டும்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாக ஓடி வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்தும் பழைய பர்மா மீளவில்லை. 1948-இல் விடுதலை பெற்ற அந்நாடு நிலங்களைத் தேசிய உடைமையாக்கும் சட்டத்தை அவ்வாண்டிலேயே இயற்றியது. மூன்று தலைமுறையினர் கொண்டுபோய் விதைத்த பணம் இவ்வாறு போயிற்று. எஞ்சியதைக் கொண்டு என்ன செய்வது? நகரத்தாருள் பலர் அக்காலத்தில் நூற்பாலைகளின்பால் திரும்பினர். அது தெரிந்த தொழில். பருத்தி இங்கேயே விளையும். கோவையும் மதுரையும் வழிகாட்டின. சிதம்பரம் செட்டியார் தேர்ந்தது தெரியாத தொழில். பருத்தியே இல்லாமல் நூல் செய்யும் தொழில்.

அதன் பின்னணியைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். அன்றி அவர் ஏற்ற சுமை விளங்காது.

பருத்தியும் மரமும் வைக்கோலும் வேறு வேறாகத் தோன்றினும் அவற்றின் உடம்பு ஒன்றே. செல்லுலோஸ் என்பது அதன் பெயர். பருத்தியில் அது இயற்கையாகவே இழையாக நிற்கிறது. மரத்தில் வேறு பொருள்களோடு பிணைந்து இறுகிக் கிடக்கிறது. அதனைப் பிரித்து, கரைத்து, மீண்டும் இழையாக இழுக்க முடியுமானால், காடெல்லாம் பட்டு ஆகாதோ? பிரான்சு நாட்டு ஷார்தொன்னே பிரபு இதனைச் செய்து 1889-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டினார். பார்த்தோர் வியந்தனர். ஆனால் அவர் முறையில் உண்டான இழை எளிதில் தீப்பற்றும் இனம். வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. அத்தீமையை நீக்கும் சிகிச்சை பின்னால் வந்தது. 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். உலகெங்கும் நிலைத்தது இதுவே.

அம்முறையை நம் அடுக்களையைக் கொண்டே சொல்லிவிடலாம். மரக்கூழ் தடித்த அட்டைகளாக ஆலைக்கு வரும். அதனைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, ஓரிரு நாள் பதமாகுமாறு வைப்பர். பின் கார்பன்-டை-சல்பைடு என்னும் திரவத்தைச் சேர்த்துப் புரட்டுவர். வெண்ணிற உதிரி ஆரஞ்சு நிறமாகும். அதனை மீண்டும் சோடாக் கரைசலில் கரைத்தால் தேன் போன்றதொரு பாகு கிடைக்கும். அப்பாகை வடிகட்டி, காற்றுக் குமிழி நீக்கி, அதிரசப் பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல் பதம் பார்த்து, பொன்னும் பிளாட்டினமும் கலந்த சிறு தட்டின் நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவர். இடியாப்பம் பிழிவதேதான், துளை தலைமயிர் அளவு என்பது மட்டுமே வேறுபாடு. அமிலம் பட்டவுடன் பாகு இழையாக உறையும். துளைகளுக்குப் பதிலாக நீண்ட ஒரே பிளவின் வழியே, ரிப்பன் பக்கோடா அச்சில் பிழிவதுபோல் பிழிந்தால், இழைக்குப் பதில் ஏடு வரும். நாம் சிறுவராக இருந்தபோது மிட்டாயைத் தின்றுவிட்டுச் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தோமே, அஃது இவ்வேடுதான். சுவிட்சர்லாந்துக்காரரான பிராண்டன்பெர்கர் என்பவர் 1908-இல் கண்டது. செல்லோபேன் என்பது அவர் இட்ட பெயர்.

சொல்வதற்கு எளிது; நல்லதாகச் செய்வதற்கு அரிது. நம் அன்னையாரிடம் செயற்கைப் பட்டுச் சேலை ஒன்று இருந்தது. மயில் கழுத்து நிறம். அதனை அவர் ஒருநாளும் துவைகல்லில் அடித்ததில்லை. பிறரை அடிக்க விட்டதும் இல்லை. நனைந்த கையோடு முறுக்கிப் பிழிவதும் கூடாது. அலசி, நிழலில் விரித்து, உலரும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இஃது அவருடைய ஆசாரம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். உண்மை யாதெனில், விஸ்கோஸ் இழை நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். உலர்ந்தால் மீண்டும் பெறும். பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுக்கும். ஆகவே ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைக்கும் நாட்டில் ரேயானை விற்பது விளையாட்டன்று.

இன்னொரு குறையும் உண்டு. பாகின் பதம் ஒருநாள் சற்று முந்தினாலும் பிந்தினாலும் அன்றைய நூல் சாயத்தை ஒருவாறு ஏற்கும்; மறுநாள் நூல் வேறுவாறு ஏற்கும். தறியில் நெய்யும்போது தெரியாது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த பின் பார்த்தால் துணியில் கோடு கோடாக நிழல் விழுந்திருக்கும். நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்து விசைத்தறிகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வாழும் நமக்கு, நெசவாளிக்கு அவ்வொரு கோடு எத்தனை நாள் கூலி என்பது தெரியும்.

இக்குறைகளை வெல்ல அயல்நாட்டார் பாடுபட்ட வரலாறு நீண்டது. அமிலத் தொட்டியில் சோடியம் சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் கலந்து, இழை உறையும் வேகத்தைத் தணித்து, உறையும்போதே இழுத்து நீட்டினால் உள்ளிருக்கும் நுண்சங்கிலிகள் வரிசைப்பட்டு இழை உறுதியாகும் என்று கண்டனர். அவ்வாறு உறுதி பெற்ற இழையை மோட்டார் வண்டிச் சக்கரத்தின் டயருக்குள்ளேயே வைத்தனர். ஜப்பானியர் 1930-களில் இத்தொழிலில் உலகிலேயே முதலிடம் பெற்றுவிட்டனர். அவர்களுடைய மலிவான செயற்கைப் பட்டு இந்தியக் கடைத்தெருக்களை நிறைத்தது. சூரத்திலும் பம்பாயிலும் தெற்கேயும் தறிகள் அந்நூலை நம்பியிருந்தன. போர் வந்தது; கப்பல் நின்றது; நூலும் நின்றது. இந்தியாவிலோ அதனைச் செய்யும் ஆலை ஒன்றுகூட இல்லை. சிதம்பரம் செட்டியாரின் கண் சென்றது இங்கேதான்.

அவர் தேர்ந்த இடம் சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் பெரும்பாவூர் அருகே, பெரியாற்றங்கரையில். திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் தொழிற்சாலைகளை வருந்தி அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. ஆலுவாய்ப் பக்கம் அலுமினியமும் உரமும் செய்யும் ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. அமிலம் வாங்கத் தொலைவு போக வேண்டியதில்லை. எல்லாவற்றினும் மேலாகத் தண்ணீர். ரேயானுக்கு ஏராளமான நீர் வேண்டும். இரும்பும் சுண்ணமும் கலவாத மெல்லிய நீராக இருத்தல் வேண்டும். மலையிலிருந்து நேரே இறங்கும் பெரியாறு அதற்கு வாய்த்தது. 1946-இல் திருவாங்கூர் ரேயான்ஸ் கம்பெனி தோன்றியது. நான்காண்டுக்குப் பின், 1950-இல், ஆலையிலிருந்து நூல் வந்தது. இந்திய மண்ணில் செய்யப்பட்ட முதல் ரேயான் நூல் அதுவே. காடும் வயலுமாக இருந்த அவ்விடத்துக்கு ரேயான்புரம் என்றே பெயர் வழங்கலாயிற்று.

பெருமை கொள்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நூல் நம்முடையது, கூழ் நம்முடையதன்று. ரேயானுக்கு ஏற்ற தூய மரக்கூழ் செய்யும் ஆலை அன்று இந்தியாவில் இல்லை. அது கப்பலில் வந்தது. இயந்திரங்களும் அவ்வாறே. மூங்கிலிலிருந்து அக்கூழைச் செய்யும் ஆலை கோழிக்கோட்டை அடுத்த மாவூரில் பிர்லா நிறுவனத்தால் இயங்கத் தொடங்கியது 1963-இல்தான். சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் எழுந்த தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை நீலகிரியின் யூகலிப்டஸ், சீகை மரங்களைக் கூழாக்கியதும் பிற்காலத்துச் செய்தி. அயலார் கூழையும் அயலார் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு செய்வதற்கு நம்மிடம் சொந்தமாக என்ன இருந்தது என்று கேட்டால், பதம் பார்க்கும் கை இருந்தது எனலாம். பாகைப் பதப்படுத்தும் அறை ஏறக்குறைய 18 பாகை வெப்பத்தில் இரவும் பகலும் மாறாமல் இருக்க வேண்டும். வெளியே மலையாள நாட்டு வெயிலும் புழுக்கமும். ஒரு தூசி நுண்துளையை அடைத்தாலும் ஓர் இழை குறையும். நெல் வயலிலிருந்து வந்த இளைஞர்கள் இத்தொழிலைக் கற்றனர். ஐரோப்பியர் அரை நூற்றாண்டில் கற்றதைச் சில ஆண்டுகளில் கற்க வேண்டியிருந்தது.

அவ்வாலையில் நூலோடு கண்ணாடிக் காகிதமும் செய்தனர். அதற்கும் தனியே ஒரு நோய் உண்டு. வெறும் செல்லுலோஸ் ஏடு காற்றையும் தூசியையும் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. மழைக்காலத்தில் அதில் சுற்றிய பிஸ்கோத்து நமுத்துப்போகும். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் சார்ச் என்னும் இரசாயனர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்து 1927-இல் மருந்து கண்டார். நைட்ரோ செல்லுலோஸும் மெழுகும் பிறவும் சேர்ந்த லாக்கர் எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுவதே அம்மருந்து. ஷார்தொன்னேயின் தீப்பற்றும் பட்டு மறுபிறவியில் காவற்காரனாக வந்தது போலும்!

பெரும்பாவூரிலும் இப்பூச்சு பூசப்பட்டது. அப்பூச்சுக் கலவைக்கு உற்பத்தி வரி உண்டா இல்லையா என்று சுங்க அதிகாரிகளுக்கும் கம்பெனிக்கும் வழக்கு மூண்டது. கம்பெனியின் விண்ணப்பத்தை மத்திய அரசு காரணம் கூறாமல் சில வரிகளில் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 1969-இல் அவ்வுத்தரவை நீக்கி, காரணம் காட்டாத ஆணை நிற்காது என்று தீர்ப்பளித்தது. சட்டம் படிப்போர் இன்றும் அத்தீர்ப்பைப் பாடமாகக் கற்கின்றனர். விண்ணப்பத்துக்குக் காரணம் இல்லாத பதில் பெற்றுப் பழகியவர்கள் நம் காலனியிலும் உண்டு. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டோம். மிட்டாய்க் காகிதத்தின் மேல் பூசும் பூச்சு அவர்கள் அனைவர்க்கும் ஒரு நியாயம் வாங்கித் தந்தது என்று எண்ணும்போது நமக்குச் சிறிது மகிழ்ச்சிதான்.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. கார்பன்-டை-சல்பைடு ஆவியை நெடுநாள் உட்கொண்டால் நரம்பு தளரும், மனமும் பேதலிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே பாரிஸ் ரப்பர்ப் பட்டறைகளில் மருத்துவர்கள் இதனைக் கண்டு எழுதியுள்ளனர். அமிலத் தொட்டியிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் உலகில் எந்த ரேயான் ஆலைக்கும் பொது. கழிவுநீர் எந்த ஆற்றில் விழுந்ததோ அந்த ஆற்றின் கரையோர் வழக்காடாத இடமும் இல்லை எனலாம். சிறுமுகை ஆலை பவானி நீர் பற்றிய நீண்ட பூசலுக்குப் பின்னரே ஓய்ந்தது. செட்டியார் இவற்றையெல்லாம் எத்துணை எண்ணிப் பார்த்தார் என்று நாம் கூற இயலாது. அக்காலத்தில் புகைபோக்கியைப் பார்த்து அழுதவர் குறைவு, கைகூப்பியவரே மிகுதி. கார்பன்-டை-சல்பைடு இல்லாமலே மரக்கூழைக் கரைத்து இழையாக்கும் லியோசெல் முறை 1990-களில் வணிகத்துக்கு வந்தது. அந்த இழை நனைந்தாலும் வலிமையைப் பெரிதும் இழப்பதில்லை. அன்னையாரின் சேலை அவ்வகையில் நெய்யப்பட்டிருந்தால் அவர் இன்னும் சில நாள் அதை உடுத்தியிருப்பார்.

செட்டியாருக்குத் திரும்புவோம். 1950-க்குப் பின் வந்த நான்கு ஆண்டுகள் அவர் வாழ்வில் ஓட்டமே ஆயின. வங்கி ஒருபுறம், ஆயுள் காப்பீடு ஒருபுறம், 1938-இல் தோன்றிய தீ, பொதுக் காப்பீட்டுக் கம்பெனி மற்றொருபுறம், ரேயான் ஆலை கேரளத்தில், மவுண்ட் ரோட்டில் வானளாவிய கட்டடத்துக்குக் கடைக்கால். அவர் குடும்பத்தின் பெயர் தாங்கிய பள்ளிகள் சென்னையில் இன்றும் நடைபெறுகின்றன. வங்கியின் கிளைகள் கீழ்த்திசை நாடுகளில் இருந்தமையால் பிரயாணம் ஓயவில்லை.

1954 மார்ச்சு 13-ஆம் நாள், ஜாகர்த்தாவிலிருந்து வந்த பி.ஓ.ஏ.சி. கம்பெனியின் கான்ஸ்டலேஷன் விமானம் சிங்கப்பூர்க் கல்லாங் நிலையத்தில் இறங்க முற்பட்டது. ஓடுபாதையின் முனையில் கடலை ஒட்டியிருந்த சுவரில் மோதி, தலைகீழாகப் புரண்டு, தீப்பற்றியது. விமானத்தில் இருந்தோர் நாற்பதின்மர். அவருள் பயணிகள் முப்பத்தொருவர். பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிதம்பரம் செட்டியார் அம்முப்பத்தொருவருள் ஒருவர். வயது நாற்பத்தைந்து.

இவ்வரியை எழுதும்போது நம் கை சற்று நின்றது. நமக்கும் இப்போது அவ்வயதே. இவ்வயதில் நாம் முடித்தது என்ன என்று கணக்கிட்டால், மாற்றல் உத்தரவுகளும் ஒரு சிறு வீட்டுக் கடனுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அவர் முடித்ததாகச் சொல்லத் தக்கவையும் அதிகம் இல்லை என்பதுதான் வியப்பு. எல்லாம் தொடங்கிய நிலையில் நின்றன. ஆலை நூலின் குறைகளோடு இன்னும் போராடிக்கொண்டிருந்தது. கட்டடம் தரைக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்தது. பர்மா போனது, அதற்கு ஈடாக நட்ட மரம் காய்ப்பதற்குள் நட்டவர் போய்விட்டார்.

பின் நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசிய உடைமையாயிற்று. கட்டடமும் அதனோடு எல்.ஐ.சி.க்குச் சென்றது. 1969 ஜூலையில் வங்கி, தேசிய உடைமையாக்கப்பட்ட பதினான்கு வங்கிகளுள் ஒன்றாயிற்று. பொதுக் காப்பீடும் 1970-களின் தொடக்கத்தில் அவ்வாறே ஆயிற்று. யுனைடெட் இந்தியா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ரேயான் ஆலை குடும்பத்தார் பொறுப்பில் தொடர்ந்தது. கல்யாண் அருகே ஓர் ஆலை, நாக்தா ஜங்ஷனில் 1954-இல் தொடங்கிய பிர்லாவின் ஆலை என்று போட்டி பெருகியது. நைலானும் பாலியஸ்டரும் வந்தன. மிட்டாய்க்குப் பிளாஸ்டிக் தாள் வந்தது. அது மலிவு, ஈரமும் புகாது. நட்டமும் நிறுத்தமும் மாறி மாறி வந்து, 2001-ஆம் ஆண்டோடு பெரும்பாவூர் ஆலை நின்றேபோயிற்று. நாக்தா நிலைத்தது. இன்று நம் பெண்மக்கள் உடுத்தும் விஸ்கோஸில் பெரும்பங்கு அந்நிறுவனத்தின் ஆலைகளினின்று வருவதே. பிளாஸ்டிக் தாளோ மண்ணில் மக்காது என்பதால் இப்போது திருமலை மேல் பிளாஸ்டிக் பைகளுக்கு இடமில்லை. பூச்சில்லாத கண்ணாடிக் காகிதத்தைப் புதைத்தால் சில வாரங்களில் மண்ணாகிவிடும். செட்டியாரின் ஆலை இன்னும் கொஞ்சநாள் தாங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் காலனியிலிருந்து மாலையிட்டுச் சபரிமலை செல்லும் அன்பர்கள் பேருந்தில் போவதாயின் அங்கமாலியில் திரும்பி, காலடியில் பெரியாற்றுப் பாலத்தைக் கடந்து, பெரும்பாவூர் வழியாகவே செல்வர். அவ்வூரை ஒட்டியதே ரேயான்புரம். ஆலை நின்று இத்தனை ஆண்டு ஆகியும் ஊர்ப்பெயர் மாறவில்லை. பெரும்பாலும் வண்டி அங்குச் சேர்வது விடியற்காலையாக இருக்கும்; தேநீருக்கு நிறுத்தினால் இறங்கிப் பார்க்கலாம்.